பார்க்காத பாட்டனுக்கு ஒரு நட்சத்திரம்

சொற்களுக்குப் பாட்டன் பூட்டனைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அகராதி அலுவலகத்தில் வேலை என்று நேராகச் சொன்னால், "ஓ, டைப்பிங்கா?" என்று கேட்டு என் வாயைக் கிளறுவார்கள். அதனால் பாட்டன் தேடுகிறேன் என்றே சொல்லிவிடுவது. கேட்டவர் திருதிருவென்று விழிப்பார், நான் நடையைக் கட்டுவேன். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், வீட்டில் அதைவிட நன்றாகத் தெரியும்.

அச்சகத்துக்கு மேலே இருக்கும் ஒரு நீள அறைதான் எங்கள் அலுவலகம். கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசையில் டீ கிளாஸ் தானாக நகரும். ஓர் ஆங்கிலச் சொல், தமிழில் அதன் பொருள், அது எங்கே பிறந்து யார் யார் வீட்டில் வளர்ந்து இங்கே வந்தது என்ற வரலாறு, கடைசியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். இவ்வளவும் சேர்ந்தால் ஒரு பதிவு. வேலை அலுக்காமல் இருக்க நாங்கள் எல்லாவற்றுக்கும் உறவுமுறை வைத்துப் பேசுவோம். ஒரே பாட்டன் வழியில் வந்த சொற்கள் பங்காளிகள். வேறு மொழியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல் வீட்டோடு மாப்பிள்ளை.

எங்கள் தலைமைப் பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. யாராவது பேச்சை நீட்டினால் ஆள்காட்டி விரலால் மேசையில் ஒரு குத்து குத்துவார், அதோடு பேச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை வாசிப்பு அவர் ஏற்படுத்திய வழக்கம். அந்த வாரத்துப் பதிவுகளை எழுதியவரே எல்லோர் முன்னாலும் நின்று உரக்கப் படிக்க வேண்டும். அச்சகத்துக்காரர்களும் மேலே வந்துவிடுவார்கள். கேட்கிறவர்களில் ஒரே ஒருவருக்குப் புரியாவிட்டாலும் பதிவு திரும்ப மேசைக்கு வந்துவிடும். நான் அங்கே அசடு வழிந்து நின்ற நாட்களும் உண்டு.

அந்த வாரம் என் பங்குக்கு வந்த சொல் 'லேண்ட்லெஸ்'. நிலமில்லாத என்று பொருள். பழைய பதிப்பில் பொருள் மட்டும் இருந்தது, வரலாறு கிடையாது. சொல் எழுதிய சீட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் பார்த்துத்தான் வருகிறது போலிருக்கிறது! எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. அப்பா சாரம் கட்டுகிறவர். கட்டடம் எழும்பும்போது அதைச் சுற்றி மூங்கிலும் இரும்புக் குழாயும் நிறுத்தி, கொத்தனாரும் பெயிண்டரும் நின்று வேலை செய்ய வழி பண்ணித் தருகிறவர். நாங்கள் குடியிருப்பது ஒரு தையல் கடைக்கு மேலே, வாடகைக்கு, இரண்டு அறை.

சொல்லைத் தோண்ட ஆரம்பித்தேன். முன்பாதியான 'லேண்ட்' சாது. பங்காளி வீடுகள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. வால்தான் ஆளை ஏமாற்றும். 'லெஸ்' என்றால் குறைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா, அந்த 'லெஸ்' இது கிடையாது. இரண்டும் ஒரே தெருவில், ஒரே சட்டை போட்டுக்கொண்டு நடக்கின்றன, அவ்வளவுதான். உறவு ஒன்றும் இல்லை. இந்த வால் பழைய ஆங்கிலத்தில் 'லேயஸ்' என்று இருந்தது. இல்லாத, விடுபட்ட என்று அர்த்தம். கடலுக்கு அப்பால் வடக்கே இருந்த அதன் பங்காளி 'லௌஸ்', ஜெர்மன் பங்காளி 'லோஸ்'. நாம் தினமும் சொல்கிற 'லூஸ்' இருக்கிறதே, தளர்ந்த, கட்டில்லாத என்ற பொருளில், அது வடக்கிலிருந்து படகேறி ஆங்கிலத்துக்கு வந்த பங்காளியேதான். ஆக, அந்தச் சொல்லின் அடியில் 'கட்டவிழ்ந்தவன்' என்று ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு சட்டத்தில்கூட அவன் வருகிறான். நிலமில்லாத ஒருத்தன் வேறு வட்டாரத்துக்குப் போய் வேலை பார்த்துவிட்டுத் தன் சொந்தக்காரர்களிடம் திரும்பி வந்தால், அவனை வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள் அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது சட்டம். அவன் தப்புச் செய்தால் நியாயத்தின் முன்னால் அவனைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அல்லது தாங்களே ஈடுகட்ட வேண்டும். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நிலம் இல்லாதவன் என்றாலே சந்தேகப்பட அன்றைக்கே ஆள் இருந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை மதியம் தம்பி அலுவலக மாடிப்படிக்கு வந்து நின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அப்பா கட்டடத்துக்கு வெளியே ஏறுகிறவர், இவன் உள்ளே ஏறுகிறவன் என்று அம்மா கிண்டலடிப்பாள். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில், கீழ்த்தளத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணோடு பழக்கமாகிக் கல்யாணம் வரைக்கும் வந்திருந்தான். நல்ல பெண். வீட்டில் அவளை மருந்துக்காரி என்றுதான் சொல்வோம், பிரியமாக. தாயில்லாத பெண். அவளும் அவளுடைய அப்பாவும் மறுநாள் எங்கள் வீட்டுக்குப் பேச வருவதாக ஏற்பாடு.

"அக்கா, ஒரு சின்னச் சிக்கல்" என்றான்.

"நீ சின்னச் சிக்கல்னு சொன்னா லிஃப்ட் நடுவழியில நிக்குதுன்னு அர்த்தம். சொல்லித் தொலை."

"அவங்க அப்பாவை முதல்தடவை பார்த்தப்போ, பூர்வீகம் என்ன, நிலம் நீச்சு ஏதாவது உண்டான்னு கேட்டார். சும்மா பேச்சுவாக்குலதான் கேட்டார். நான்…"

"நீ?"

"இருந்துச்சு, ஆத்தோரமா, தாத்தா காலத்துல வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"எந்த ஆறுடா?"

"அதையேதான் அவரும் கேட்டார்."

அந்தப் பெண்ணின் அப்பா யார் தெரியுமா? சர்வேயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கையிலிருந்து டேப்பை இறக்காத நில அளவையாளர். ஆறு ஒதுங்கினால் நிலம் மறுபடி வெளியே வந்திருக்கும், என்னிடம் பழைய வரைபடங்கள் இருக்கின்றன, உங்கள் அப்பாவிடம் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம், சம்பந்தி வீட்டுக்கு நான் செய்கிற முதல் மரியாதை அதுவாக இருக்கட்டும் என்று மனுஷன் குதூகலமாகச் சொல்லிவிட்டார். நாளைக்கு வரைபடங்களோடு வருகிறாராம்.

"உலகத்துல எவனாவது சர்வேயர்கிட்ட போய் நிலத்தை அளந்து விடுவானாடா?" என்று கத்தினேன். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் அச்சகம் தப்பித்தது.

"அக்கா, மெதுவா. அப்பாகிட்ட நீ சொன்னா கேட்பார். அவர் ஒண்ணும் பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டினாப் போதும்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. வீட்டுச் சொந்தக்காரர் முன்னறிவிப்பில்லாமல் வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோதுகூட, விருந்துக்கு வந்திருந்த மாமாவையும் சேர்த்துச் சொல்லி வாடகை ஏற்ற வழி பண்ணிக் கொடுத்தவர். அந்த மனுஷனை, இல்லாத நிலத்துக்குத் தலையாட்ட வைக்க வேண்டுமாம்.

"ஏன்டா அப்படிச் சொன்னே? அவர் நிலம் இருந்தாத்தான் பொண்ணு தருவேன்னாரா?"

"இல்ல. அப்பா சாரம் கட்டுறார்னு சொல்ல வந்தேன், வாய் வரல. கட்டுமானத் துறைன்னு சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம்."

அதைக் கேட்டதும் என் கோபம் அப்படியே அடங்கிவிட்டது. அடங்கினால் நல்லது என்று நினைக்காதீர்கள், அந்த இடத்தில் வலி வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பாவை வெளியே சொல்ல என் தம்பிக்குக் கூச்சமாக இருக்கிறது. அவன் போட்டிருக்கிற சட்டையிலிருந்து படித்த படிப்பு வரைக்கும் அப்பா உயரத்தில் தொங்கிச் சம்பாதித்தது.

"எங்க வேலையில ஒண்ணு இருக்கு, கேட்டுக்கோ" என்றேன். "எழுத்துல எங்கேயும் கிடைக்காத மூத்த சொல்லுக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போடுவோம். அதை யாரும் பார்க்கல, ஆனா பிள்ளைங்க முகத்தை வச்சு, அப்படி ஒண்ணு இருந்தே ஆகணும்னு அர்த்தம். வெவ்வேறு மொழியில, ஒண்ணையொண்ணு பார்க்காத பங்காளிங்ககிட்ட ஒரே ஜாடை இருந்தாத்தான் போடலாம். நம்ம இஷ்டத்துக்குப் பாட்டனை உண்டாக்கக் கூடாது. நீ பண்ணது நட்சத்திரம் இல்ல, புளுகு. நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். பொய் சொல்லச் சொல்லி நீயே போய்க் கேளு."

அவன் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க அப்பா முன்னால் போய்ப் போய் நின்றான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான், திரும்பி வந்தான். அப்பாவுக்கு வயிறு நிறைந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக இருந்தார். அம்மா தையல் கடையிலிருந்து நாற்காலிகளை இரவல் வாங்கி வந்து போட்டாள். சர்வேயர் வாட்டசாட்டமான ஆள், வெண்கலக் குரல். கக்கத்தில் நீளமான தகரக் குழல். உள்ளே நுழைந்ததுமே அறையை ஒரு சுற்றுப் பார்த்து, "பத்துக்குப் பன்னிரண்டு, சரியா?" என்றார். சரிதான். மருந்துக்காரி, "அப்பா, இங்கேயுமா?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவர் கண் எங்கள் வீட்டுக் கயிறுகளின்மேல் போனது. ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்கு இழுத்துக் கட்டிய கயிறு. நாள்காட்டி, துணிப்பை, குடை, சீப்பு எல்லாம் அதில்தான் தொங்கும்.

"என்னம்மா, வீடு பூராக் கயிறா இருக்கு?"

"அதை ஏன் கேட்கறீங்க" என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். "நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல, நாள்காட்டி மாட்ட ஒரே ஒரு ஆணி அடிச்சுத் தரச் சொன்னேன். இவர் என்னைக் கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். இவங்க வீட்டு வழக்கமே அதுதானாம். சுவர்ல ஆணி அடிக்கக் கூடாது. இவரோட அத்தை வீட்டுக்குப் போனேன், அங்கேயும் கயிறு. பெரிய பாட்டனார் வழியில ஒரு குடும்பம் தூரத்துல இருக்கு. இவங்களோட ரொம்ப காலமாப் பேச்சு வார்த்தையே கிடையாது. ஒரு சாவுக்குப் போனப்போ பார்த்தேன், அங்கேயும் இதே கயிறு! ஏன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. கிறுக்கு வம்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

சர்வேயர் குழலைத் திறந்து வரைபடத்தைத் தரையில் விரித்தார். நாலு மூலைக்கும் அம்மாவின் டீ கிளாஸ்களை எடுத்து வைத்தார். பழுப்பேறிய தாளில் ஆறு பாம்பு போல நெளிந்தது.

"ஐயா, இப்போ சொல்லுங்க" என்று சந்தோஷமாக அப்பாவைப் பார்த்தார். "உங்க அப்பா காலத்துல வெள்ளத்துல போன நிலம், இந்தக் கரையா, அந்தக் கரையா? ஒரு விரலை வச்சுக் காட்டுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வரைபடத்தைப் பார்த்தார். சர்வேயரைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அப்பா உயரத்தில் நின்று வேலை செய்கிறவர், எந்த முடிச்சு இளகியிருக்கிறது என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவர். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த அந்த நொடியில் அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்பா மெல்லக் குனிந்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலை நீட்டினார். விரல் நடுங்கிக்கொண்டே ஆற்றங்கரையை நோக்கிப் போனது. பிள்ளைக்காக, வாழ்க்கையில் முதல் முறையாக, அந்த மனுஷன் பொய் சொல்லப் போகிறார்.

"அப்பா, கையை எடுங்க!" என்று நான் கத்திவிட்டேன்.

விரல் அந்தரத்தில் நின்றது.

"எங்களுக்கு நிலம் இல்ல சார். ஆத்தோரமும் இல்ல, மேட்டுலயும் இல்ல. வெள்ளம் அடிச்சிட்டுப் போக ஒரு கைப்பிடி மண்கூட இருந்ததில்ல. எங்க அப்பா சாரம் கட்டுறவர். அவங்க அப்பாவும் சாரம் கட்டினவர். அதுக்கு மேல யார் என்னன்னு எழுத்துல ஒண்ணும் கிடையாது. நிலம் இருந்தாத்தானே பேர் எழுதுவாங்க?"

கிளம்பிய வாய் நிற்கவில்லை. என் வாய் எப்போதுமே அப்படித்தான்.

"ஆனா எங்களுக்குப் பாட்டன் இல்லாமப் போயிடல. அம்மா இப்போ சொன்னாங்களே, ஒருத்தரையொருத்தர் பார்க்காத குடும்பங்கள்ல ஒரே கயிறு, ஒரே வழக்கம். எங்க வேலையில இந்த மாதிரி கிடைச்சா விடவே மாட்டோம். பிள்ளைங்க எல்லார்கிட்டயும் ஒரே ஜாடை இருக்குன்னா மேல ஒரு ஆள் இருந்திருக்கார். அவர் அடுத்தவங்க சுவருக்குள்ளதான் காலம் பூரா வாழ்ந்திருக்கார். அதுல ஒரு ஓட்டை போடாம, ஒரு தழும்பு வைக்காம வெளிய வந்திருக்கார். அதைப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கார். அவரோட பேர் எனக்குத் தெரியாது. ஆனா அவர் பேருக்கு முன்னாடி நான் நட்சத்திரம் போடுவேன். எங்க அப்பா கட்டுற சாரத்தையும் பிரிச்சு எடுத்துட்டா, அவர் அங்கே நின்னதுக்கு ஒரு அடையாளம் இருக்காது சார். கட்டடம் மட்டும் இருக்கும்."

மூச்சு வாங்கியது. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தம்பி எழுந்து நின்றான். "பொய் சொன்னது நான்தான் சார். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

சர்வேயர் டீ கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். தாள் தானாகச் சுருண்டுகொண்டது.

"காலே வைக்க முடியாத மலை உச்சி இருக்கும்" என்றார் என்னிடம். "அங்கே நாங்க ஏற மாட்டோம். கீழே தள்ளித் தள்ளி நின்னு கோணம் பார்ப்போம். கோடெல்லாம் ஒரே இடத்துல போய் முட்டினா, உச்சி அங்கேதான்னு குறிச்சிடுவோம். யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. நீ சொல்றதும் அதுதாம்மா. உங்க பாட்டனை நான் ஒத்துக்கறேன்."

அப்புறம் எழுந்து, அப்பாவுக்கு முன்னால் போய் நின்று கை கூப்பினார். "நிலம் இருக்கான்னு நான் கேட்டது தொழில் புத்தி. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையனை என் பொண்ணுக்குத் தருவீங்களா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. எல்லோரும் அப்பாவின் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தோம்.

"இன்னைக்குத் தர மாட்டேன்" என்றார் அப்பா.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நீங்க பெரிய மனசுக்காரர். பொண்ணு தங்கம். குறை எங்க பக்கம்தான்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நிலம் இல்லாததுல எனக்கு வெட்கம் இல்ல சார். யார் நிலத்துலயும் வஞ்சகம் இல்லாம வேலை செஞ்சிருக்கேன். என்னைச் சொல்ல இவனுக்கு வெட்கமா இருக்கு. அந்த வெட்கத்தோட இவனை உங்க வீட்டுக்கு அனுப்பினா, நாளைக்கு உங்களைச் சொல்லவும் வெட்கப்படுவான். அது இவனை விட்டுப் போகட்டும். அப்புறம் கேளுங்க, தர்றேன்."

என்ன மிடுக்கு! அந்த இரவல் நாற்காலியில் என் அப்பா உட்கார்ந்திருந்த தோரணையை எந்த ஜமீன்தாரிடமும் நான் பார்த்ததில்லை. சர்வேயர் தலையசைத்தார். மருந்துக்காரி கிளம்பும்போது தம்பியிடம் வந்தாள்.

"அவரோட விரல் நடுங்குச்சே, பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன்."

"அதை நடுங்க வச்சது நீங்க. அதைச் சரி பண்ணிட்டு வாங்க, நான் இருப்பேன். சரி பண்ணாம வந்தா மருந்துக்கடையில தலைவலி மாத்திரை மட்டும்தான் கிடைக்கும்."

அந்த வாரம் வீட்டில் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. அப்பா வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார். தம்பியிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அதுதான் அவனை அறுத்தது. இரண்டு அடி போட்டிருந்தால் அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

நான் கோபத்தை எல்லாம் பதிவில் இறக்கினேன். பழைய ஆங்கில உருவம், வடக்குப் பங்காளி, ஜெர்மன் பங்காளி, மேலே யாரும் பார்க்காத மூத்தவருக்கு நட்சத்திரம். அந்த 'லேயஸ்' என்ற வாலுக்குத் தனிச்சொல்லாக இருந்தபோது பொய்யான என்ற பொருளும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினேன். ஒரே வயிற்றில் விடுதலையும் பொய்யும் பிறந்திருக்கின்றன என்றால் நான் என்ன செய்ய? பங்காளி வீட்டு வண்டவாளத்தையும் சொல்வதுதான் வரலாறு.

எடுத்துக்காட்டு வாக்கியத்தில்தான் முட்டிக்கொண்டேன். பார்த்த அகராதிகளில் எல்லாம் இந்தச் சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் ஏழை, பாவம், பசி, பரிதாபம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு என் வாக்கியத்தை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வாசிப்புக்குத் தம்பியை வரச் சொன்னேன். வருவான் என்று நினைக்கவில்லை. வந்து, அச்சகத்துக்காரர்களோடு பின்வரிசையில் நின்றான். நான் சொல்லின் வரலாற்றைத் தலையிலிருந்து வால்வரை படித்தேன். மை படிந்த கையோடு நின்ற அச்சுக்காரர் ஒருவர், "அப்போ இந்தச் சொல்லுக்கு எங்க ஊரு, எங்க தெருன்னு சொந்த இடமே கிடையாதாம்மா?" என்று கேட்டார்.

"எத்தனையோ வீட்டுல இருந்திருக்குண்ணே. எல்லா வீட்டுலயும் ஒழுங்கா இருந்திருக்கு" என்றேன். சிரித்தார். புரிந்துவிட்டது.

பிறகு எடுத்துக்காட்டைப் படித்தேன். "என் தந்தை நிலமில்லாதவர், இந்த நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் பலவும் அவர் கட்டிய சாரத்தின்மேல் நின்று எழுப்பப்பட்டவை."

முற்றுப்புள்ளி விரலைத் தூக்கினார். "முதல் பாதி போதும். காற்புள்ளிக்குப் பிறகு வருவது பெருமை. அகராதியில் பெருமைக்கு இடம் கிடையாது."

"பரிதாபத்துக்கு மட்டும் இடம் இருக்கா சார்?" என்றேன். "இத்தனை வருஷமா இந்தச் சொல்லுக்குப் பக்கத்துல கண்ணீரா ஊத்தி வச்சிருக்கோம். அதை யாரும் அடிக்கல. பெருமையைக் கண்டா மட்டும் இடம் போதலையா? இந்த வாக்கியத்துல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா அடிங்க."

விரல் மேசையை நோக்கி இறங்கியது. பாதி வழியில் நின்றது.

"இது உண்மைன்னு யாருக்குத் தெரியும்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "எனக்குத் தெரியும்" என்றான் தம்பி. "அது எங்க அப்பா."

அத்தனை பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனியவில்லை. முற்றுப்புள்ளி விரலை மடக்கிக்கொண்டார். வாக்கியம் முழுசாக அச்சுக்குப் போனது.

மறுநாள் காலையில் தம்பி என்னை எழுப்பி, "அக்கா, கூட வா" என்றான். எங்கே என்று சொல்லவில்லை. பெரிய சாலையில் புதிதாக எழும்பும் ஒரு கட்டடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அங்கே சர்வேயரும் மருந்துக்காரியும் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். அவன்தான் வரச் சொல்லியிருக்கிறான். சாலையில் ஆபீஸ் போகிற கூட்டம். பஸ் நிறுத்தத்தில் ஒரு பட்டாளம். சாரம் தரையிலிருந்து கிளம்பி, அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கும் உயரத்துக்குப் போயிருந்தது. உச்சியில், வானத்துக்கு எதிரே, இடுப்பு பெல்ட்டோடு ஒரு சின்ன உருவம் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தது.

தம்பி தொண்டையைச் செருமினான். ஒரு தரம் என்னைப் பார்த்தான். பிறகு கையை உயர்த்தி மேலே காட்டி, பஸ் நிறுத்தம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்துச் சொன்னான்.

"சார், உங்ககிட்ட நான் ஒழுங்கா அறிமுகமே செஞ்சு வைக்கல. மேல நிக்கிறாரே, அவர்தான் எங்க அப்பா. சாரம் கட்டுறவர். எங்களுக்கு நிலம் கிடையாது. அவருக்குப் பிறந்ததுதான் எனக்குப் பெருமை. நான் அவரோட பையன்!"

சுற்றி நின்றவர்கள் என்னமோ ஏதோ என்று அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணீர் என் கண்ணை மறைத்தது. மருந்துக்காரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேலே அந்தச் சின்ன உருவம் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தது. பிறகு அவ்வளவு உயரத்திலிருந்து, தெருவே கேட்க, என் அப்பாவின் குரல் இறங்கி வந்தது.

"சம்பந்தி! இப்போ கேளுங்க!"